எங்கள் வீட்டில் மட்டும்தானா?

தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது. ஆரணியை ஒட்டிய ஒரு சின்னப் பேரூராட்சியில் நாங்கள் குடியிருந்தோம். என் தம்பி பட்டு நெசவாளி. கல்யாணமான மறுவருடம் அவன் மனைவி மாசமாக இருந்தாள். ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்து, கண்கள் மஞ்சளாயின. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தே பறிகொடுத்தோம்.

"தண்ணியைக் காய்ச்சிக் குடிக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் தம்பி அதிலேயே உடைந்துபோனான். தினமும் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வருபவன் அவன்தான்.

"என் கையாலதான்க்கா புடிச்சாந்து குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தறியில் போய் உட்காருவான். ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்தபடி அப்படியே இருப்பான். பாதி நெய்த சேலை மேல் தூசி படிந்தது.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அவனைக் கூட்டிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஊரே அந்தத் தண்ணியத்தான் குடிச்சிகினு இருக்குது. உங்க வூட்ல மட்டும் இன்னாத்துக்கும்மா நோவு வருது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு சாப்பாடும் குறைந்துபோனது.

அந்தப் புதுச் சட்டப்படி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள், தண்ணீரைப் பரிசோதித்தீர்களா, வேறு யாராவது புகார் கொடுத்தார்களா என்று நானே மனு எழுதினேன். நேரில் கொடுத்தபோது வாங்க மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். வெகுநாள் கழித்து, 'பிறர் சம்பந்தப்பட்ட தகவல், தர இயலாது' என்று பதில் வந்தது. தொட்டி கழுவுவதில் பிறர் எங்கே வந்தார்கள்? மேல்முறையீடு செய்தோம். அதிகாரி விசாரணைக்கு வரச்சொன்னார்.

அன்று அதிகாரி வர நேரமாயிற்று. வராந்தா பெஞ்சில் எங்களுக்கு முன்பே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். களம்பூர் அரிசி மில்லில் கூலி வேலை செய்பவராம். வீடு எங்கள் ஊரிலேயே, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில்.

"நீங்க இன்னாத்துக்கு வந்துகீறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நானும் அதுக்குத்தான் வந்துகீறேன். எம் பொண்ணும் காமாலையிலதான் போயிட்டா. பத்தாவது படிச்சிகினு இருந்தா. அதே ஐப்பசிதான். கேக்கப் போனா, 'உங்க வூட்ல மட்டும்தான்'னு சொல்லி அனுப்புனாங்க. நான்தான் பிள்ளையைச் சரியாப் பார்க்கலன்னு எம் புருஷன் இன்னும் எங்கிட்ட பேசறதில்ல."

தம்பி சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தான். "உங்க தெருவுக்கும் அதே தொட்டியாம்மா?"

"அதேதான்பா. எங்க தெருவுல இன்னும் ரெண்டு மூணு வூட்ல படுத்துட்டாங்க. பொழைச்சிகினாங்க."

தம்பி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சாவு வீட்டில்கூட அவன் அழவில்லை. அந்த அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடி தானும் அழுதார்.

விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. "அந்த ஆவணமெல்லாம் இங்க இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்தவரைக் கூப்பிட்டார். சென்னையில் இருக்கும் தகவல் ஆணையம் வரை எழுதிப் பார்த்தோம். எதுவும் கிடைக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் தொட்டியைக் கழுவினார்கள். தெரு முழுக்கப் பிளீச்சிங் பவுடர் வாடை. ஏன் கழுவினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

தம்பி மெல்ல மெல்லத் தறிக்குத் திரும்பினான். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் ஒருமுறை போய், அவர் கணவரிடம் எங்கள் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

'உங்கள் வீட்டில் மட்டும் இல்லை' என்ற ஒரு வார்த்தையை அந்த அலுவலகம் முதல் நாளே சொல்லியிருந்தால், செத்தவர்கள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்; ஆனால் இருந்தவர்கள் தங்களையே கொலைகாரர்களாக நினைத்துக்கொண்டு அத்தனை காலம் வெந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.