ஓட்டுநர் இருக்கையில் உப்பு மூட்டை

டெல்மர் கஸ்பாரெக் உப்பு மூட்டைக்கு சீட் பெல்ட் போட்டுவிடுகிறார். தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கப் போடுகிற உப்பு, மூட்டை நாற்பது பவுண்டு. அப்படி மூன்று மூட்டை ஓட்டுநர் இருக்கையில். மேலே நான்கு தண்ணீர்க் கேன், ஒவ்வொன்றும் எட்டு பவுண்டு. பெல்ட்டை இழுத்து மாட்டி, மூட்டையை இரண்டு தட்டு தட்டி, "வசதியா இருக்கா, முதலாளி?" என்று கேட்கிறார். மொத்தம் நூற்று ஐம்பத்திரண்டு பவுண்டு. அது அவர் மனைவி லவோனின் எடை. அதாவது, போன நவம்பர் வரைக்கும்.

கார் ஒன்றும் பந்தயக் கார் இல்லை. இருபத்தாறு வருஷப் பழசு, இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கலாம். திங்கட்கிழமை அதில்தான் மளிகைக் கடைக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெப்ராஸ்கா மாநிலத்துக் கார் கிளப்காரர்கள் நாங்கள், இப்போது பயன்படாத ஒரு விமானத் தளத்துக் கான்கிரீட்டில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவோம். ஒரு நேரத்தில் ஒரே கார். ஒரு நிமிஷத்துக்குள் கதை முடிந்துவிடும். கூம்பைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு விநாடி தண்டனை. ஜெயித்தால் பீர் குடிக்க ஒரு கண்ணாடிக் கோப்பை. இதற்காகப் பேரன் எடுத்தவர்கள் எல்லாம் குளிர்காலம் முழுக்கக் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நானும் பத்தொன்பது வருஷமாகப் படுத்துக் கிடக்கிறவன், எனக்குச் சிரிக்க உரிமை உண்டு.

டெல்மருக்கு அறுபத்து மூன்று வயது. ஊர் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரர். சோள லாரியை ஏற்றி நிறுத்தி, எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது வேலை. "மழையில நனைஞ்சிருச்சு டெல், வழியில கொஞ்சம் சிந்திருச்சு டெல்" என்று எவனாவது ஆரம்பித்தால், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "நம்பரச் சொல்லு, கதை வேணாம்." சொந்த மச்சினனுக்கும் அதே பதில்தான். அந்த மச்சினன் இரண்டு வருஷம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

காரிடமும் அப்படித்தான். காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, சக்கரம் எவ்வளவு முகம் திருப்பிக்கொண்டிருக்கிறது என்று இரும்பு ஸ்கேலால் அளப்பார். முன் சக்கரங்கள் இம்மியளவு வெளியே விரிந்திருந்தால்தான் வளைவில் மூக்கு சட்டென்று திரும்பும் என்பது அவர் கட்சி. டயர் ஓரத்தில் சாக்பீஸ் தேய்த்து அனுப்பி, ஓடிவந்ததும் முட்டி போட்டு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டுவார், குறைப்பார். இதெல்லாம் நாங்களும் செய்வதுதான். அவர் கெட்டிக்காரத்தனம் தராசில் இருக்கிறது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு தராசு. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தாங்குகிற வளையத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, மூலைக்கு மூலை பாரம் பொருந்தும்வரை விடமாட்டார். அதற்கு ஓட்டுகிறவரின் எடை இருக்கையில் இருந்தாக வேண்டும். லவோனுக்கு அவ்வளவு நேரம் சும்மா உட்காரப் பொறுமை கிடையாது. அதனால்தான் மூட்டை.

ஒரே காரை இருவரும் ஓட்டினாலும், கார் லவோனின் எடைக்குத்தான் அமையும். "எனக்கு வெச்சு என்னத்துக்கு? அவ ஓட்டினா விநாடி பாக்குறாங்க. நான் ஓட்டினா காலண்டர் பாக்குறாங்க." பொய்யில்லை. லவோன் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பனியில் ஓட்டிப் பழகிய கை. சமையலறை அலமாரியில் பதினான்கு கோப்பைகள் இருக்கின்றன, எல்லாம் அவருடையவை.

நவம்பரில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். சில்லி சூப்பில் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியை முக்கி முக்கி இரண்டு கிண்ணம் சாப்பிடுகிற பெண்மணி, இரண்டு கரண்டியோடு கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். ஏப்ரலில் டெல்மர் காரைத் தராசில் ஏற்றியபோது நானும் போயிருந்தேன். அதே மூன்று மூட்டை, அதே நான்கு கேன். நான் அவரைப் பார்த்தேன். அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. கோழைப் பயல் நான்.

ஜூன் போட்டியில், விழுகிற கூம்பை நிமிர்த்த நான் கொடியோடு பாதையோரம் நின்றேன். இடப்பக்க வளைவில் லவோனின் கார் வால் வீசியது. வலப்பக்க வளைவில் மூக்கு திரும்பவே மாட்டேன் என்றது. மூன்று கூம்பு விழுந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். லவோன் ஹெல்மெட்டைக் கழற்றி, முடியில்லாத தலையில் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"கிழவா, யார உக்கார வெச்சு இந்தக் காரச் சரி பண்ணே?"

டெல்மர் காற்று அளக்கிற கருவியைத் துடைத்தார். "காத்து கூடிருச்சு போல. தரையும் சூடு வேற..."

"நம்பரச் சொல்லு, கதை வேணாம்."

எங்கள் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நூத்தி அம்பத்திரண்டு," என்றார் டெல்மர்.

"அந்தப் பொம்பள இப்ப இல்ல, டெல். அவளுக்கு வெச்ச கார நான் எப்படி ஓட்டுறது?"

ஒரு பவுண்டுக்காகச் சொந்த மச்சினனைப் பகைத்துக்கொண்ட மனிதர், காரிடம் ஐம்பது பவுண்டுப் பொய் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் டாக்டர்கள் மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் வலிக்கு மட்டும்தான். செப்டம்பரில் சீசனின் கடைசிப் போட்டி. "ஜெயிக்க வேணாம். ஒரு கூம்பும் விழாம ஒரே ஒரு ஓட்டம். எனக்குன்னு வெச்ச கார்ல," என்றார் லவோன். முந்தின நாள் மத்தியானம் நான் போனபோது, மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. டெல்மர் அவற்றின் முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றார். "எத்தனை வெக்கிறதுன்னு தெரியல, தம்பி." லவோனைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்க அவரால் முடியவில்லை. லவோன் கதவைப் பிடித்துப் பிடித்து வந்து, "மூட்டை எதுக்கு? நானே உக்கார்றேன்," என்று ஏறிக்கொண்டார். பொறுமையே இல்லாதவர் முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தார்.

"மூச்சு விடலாமா, கிழவா?"

"விடு. நடுவுல எதையாவது தின்னுடாதே."

"அந்தக் கவலையே உனக்கு வேணாம்."

டெல்மர் சக்கரத்துக்கு அடியில் கிடந்து வளையத்தைத் திருகினார். நான் எண்களைப் படித்தேன். வெற்றுக் காரின் எடை போக, லவோன் தொண்ணூற்றேழு பவுண்டு. அதை ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கதவோரம் ஒட்டினார். எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது.

மறுநாள் லவோன் ஓட்டினார். ஒரு கூம்பும் விழவில்லை. வேகமும் இல்லை, பெடலை மிதிக்கக் காலில் பலமில்லை. ஆனால் கார் அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் போயிற்று. என்னைக் கடந்தபோது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் காரில் ஏறவில்லை. இப்போது முன்னறையில் ஜன்னலோரமாக ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருக்கிறார்கள். நர்ஸ் தினமும் வந்து போகிறார்.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெல்மர் கூப்பிட்டார். "தராசுல ஏத்தணும், வா." ஏப்ரல்வரை போட்டி எதுவும் கிடையாது. எதற்கு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. நாலு சக்கரத்தையும் தராசில் நிறுத்தினோம். வெற்றுக் காரோடு எண்ணைப் பூஜ்யமாக்கினார். மூட்டைகளை அவர் தொடவில்லை. கதவைத் திறந்து குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் லவோனின் இருக்கையில் ஊன்றி அழுத்தினார்.

"நம்பரச் சொல்லு, தம்பி."

"நாப்பது. எழுபது. தொண்ணூத்தேழு." நிறுத்தினேன்.

"சொல்லு."

"நூத்திப் பத்து. நூத்தி முப்பது." அவர் குதிகாலைத் தூக்கினார். உடம்பை மொத்தமாகச் சாய்த்தார். "நூத்தி அம்பத்திரண்டு."

அவர் கையை எடுக்கவில்லை.