முனிகிருஷ்ணன் படித்த போர்கள்

முனிகிருஷ்ணனுக்குப் போர்க்கதைப் பைத்தியம் பிடித்தது ஒரு மழைக்காலத்தில். ஈஜிபுராவிலிருந்து ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறவர் அவர். ஒருநாள் கடைசி சீட்டில் தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. அட்டையில் போர்க்கப்பல் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வண்டியில் ஏறினவர்கள் எல்லாரிடமும் காட்டிப் பார்த்தார்; யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. பத்தாவதுவரை கன்னட மீடியத்தில் படித்தவருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் பார்க்கிங்கில் காத்துக் கிடக்கிற நேரம் ஏராளம். செல்போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து, மழைக்காலம் முடிவதற்குள் படித்து முடித்துவிட்டார்.

இன்னும் சில வருஷத்தில் அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை. ஒற்றை ஆளாக நின்று உலகத்தைக் காப்பாற்றுகிற ஹீரோ அதில் இல்லை. ராடாரில் தெரிந்ததை யாரோ ஒருவன் தப்பாகப் புரிந்துகொள்கிறான். ஒரு கப்பல் மூழ்குகிறது. மறுநாள் ஏடிஎம் வேலை செய்யவில்லை, போனில் சிக்னல் இல்லை, அரிசிக்கு அடிதடி. நடந்தால் இப்படித்தான் நடக்கும் என்று அவருக்குப் பட்டது. அதன்பிறகு பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி அதே மாதிரிக் கதைகளாக வாங்கினார். மற்ற டிரைவர்கள் அவருக்கு ‘மேஜர்’ என்று பேர் வைத்தார்கள். சீட்டாட்டத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று மனைவி சந்திரம்மாவும் விட்டுவிட்டார்.

அவர் அதையெல்லாம் பொழுதுபோக்குக்காகப் படிக்கவில்லை. காவிரிக் கலவரத்தின்போது அவருக்குப் பதினேழு வயது. காலையில் பால் வாங்கப் போனபோது ஒழுங்காக இருந்த தெரு, சாயங்காலம் எரிந்தது. தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சேலத்துக்கும் தர்மபுரிக்கும் ஓடின. இவர் வீட்டாரை மட்டும் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா, கன்னடக்காரர், தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ற நினைப்பு அன்றைக்கு வந்ததுதான். அப்புறம் போகவே இல்லை.

அவருடைய ஒரே மகள் ஸ்னேஹா எலக்ட்ரானிக்ஸ் படித்து, சிப் டிசைன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். போன வருஷம் ஒருநாள் மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள். கம்பெனியில் அவளை இரண்டு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்புகிறார்கள். எந்த நாடு என்று சந்திரம்மா கேட்டார். தைவான் என்றாள்.

முனிகிருஷ்ணன் கையில் எடுத்த துண்டை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை. கல்யாணத்தை நினைத்துத்தான் தயங்குகிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். கடைசியில் அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கி மகள் முன்னால் வைத்தார்.

“இதெல்லாம் கதைதானேப்பா?” என்றாள் ஸ்னேஹா.

“கதைதான்மா. ஆனா எல்லாக் கதையும் அந்தத் தீவுலயே ஆரம்பிக்குதே. மொதல்ல ஏர்போர்ட்டத்தான் அடிக்கிறான். கிளம்பி வரணும்னாலும் முடியாது.”

அவள் சிரிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த சனி ஞாயிறில் படித்து முடித்தாள். பிறகு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்காங்க. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஊர் ஜனங்க இதுல ஓடறாங்க, சாவறாங்க, அவ்ளோதான். எனக்கு வேல சொல்லிக்குடுக்கற மேடம் அங்கதான் இருக்காங்க. ஆறு மாசமா தினம் வீடியோவுல பேசறேன். ரெண்டு பசங்க. காலைல ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் ஆபீஸ் வர்றாங்க.”

“அவங்க ஊரு, இருக்காங்க. உனக்கென்ன தலையெழுத்து?”

அடுப்படியிலிருந்து சந்திரம்மா கணவரிடம் கேட்டார்: “காவிரிக் கலாட்டாவுல தெருவே காலியாச்சே, உங்க அப்பா மட்டும் ஏன் போவல?”

“எங்க போறது? வேல இங்கதான இருந்துச்சு.”

“அவளுக்கும் வேல அங்கதான் இருக்குது.”

முனிகிருஷ்ணன் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரி என்றார். பயம் போய்விட்டதால் அல்ல. எப்போதும் தண்ணீரும் டார்ச்சும் வைத்துக்கொள்ள வேண்டும், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்க வேண்டும் என்று ஏர்போர்ட் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். ஸ்னேஹா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இந்த ஜூலையில் ஒருநாள் பார்க்கிங்கில் இருந்தபோது அவளிடமிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்த உடனே, அவள் முகம் தெரிவதற்கு முன்னால், சைரன் ஊளையிடுகிற சத்தம் கேட்டது. முனிகிருஷ்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்னேஹா பேசினாள்.

“ப்பா, ஒண்ணுமில்ல. குண்டு விழுந்தா என்ன செய்யணும்னு ஒத்திகை. வருஷா வருஷம் பண்ணுவாங்களாம். நியூஸ்ல பாத்து நீங்க பயந்துடுவீங்கன்னுதான் நானே கூப்ட்டேன்.”

ஒரு நூடுல்ஸ் கடையில் இருந்தாள். தெருவில் யாரும் நடக்கக் கூடாதாம். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். போனைத் திருப்பிக் காட்டினாள். யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்பிள்ளைகள் ஒரே போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினார். சைரனைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கீரை நறுக்கிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள், போனைப் பார்த்துக் கத்தியோடு கையை ஆட்டினார். முனிகிருஷ்ணனும் கையை ஆட்டினார்.

“என்ன கீரைன்னு கேளு,” என்றார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்னேஹா கேட்டாள். அந்த அம்மாள் ஒரு கட்டைத் தூக்கிப் போன் முன்னால் காட்டினார். நம் ஊர் வள்ளைக்கீரை போலத்தான் இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் ஓய்ந்தது. ஷட்டர் மேலே போக, தூங்கினவர் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் சந்திரம்மாவிடம் கடையைப் பற்றி, கீரையைப் பற்றி எல்லாம் சொன்னார். சைரன் ரொம்பச் சத்தமா என்று சந்திரம்மா கேட்டார். ஆமாம் என்றார்.

அவர் இப்போதும் அந்தக் கதைகளைப் படிக்கிறார். முன்பு போலப் பக்கம் ஓடுவதில்லை. ஏதாவது ஒரு நகரத்தில் விளக்குகள் அணைகிற இடம் வந்தால், அந்த நேரத்தில் அங்கே கடைகளுக்குள் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிடுகிறார். தீபாவளிக்கு ஸ்னேஹா வருகிறாள். ஏர்போர்ட் போக லீவு சொல்லிவிட்டார்.