பொறுப்பாளர் நாற்காலி

இங்கே எந்தப் படிவத்தை நீட்டினாலும் இனம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். பல் பிடுங்கப் போனாலும் கேட்பார்கள். நம் ஊரில் சாதியை ஜாடைமாடையாக விசாரிப்பார்கள். மலேசியாவின் இந்த ஈப்போவில் அச்சடித்தே கேட்கிறார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாகியும் 'இந்தியர்' கட்டமா, 'மற்றவர்' கட்டமா என்று எனக்குத் தடுமாற்றம்தான்.

லெட்சுமி அக்காவுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றுச் சனங்களை வெளியேற்றியபோது, நடக்க முடியாத பிள்ளைகளுக்காக ஒரு கடைவீட்டில் பகல்நேரக் காப்பகம் தொடங்கினார். நான் அங்கே பாடம் சொல்லித்தரப் போகிறவள். பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் படுத்துவிட்டதால் ஒன்பது பேர் இரண்டு மாதமாக வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார்கள். உதவி கேட்டு எழுதி எழுதி அலுத்துவிட்டது. கோலாலம்பூர் அறக்கட்டளை ஒன்று, தாப்பாவில் வெள்ளைக்காரத் தம்பதி நடத்தும் இல்லத்தை ஒரே தடவை பார்த்துவிட்டுக் கட்டடமே கொடுத்தது. எங்களிடம் நான்காம் தடவையாக விளக்கம் கேட்டது.

கடைசியில் அந்த அறக்கட்டளையிலிருந்து இரண்டு அதிகாரிகள் நேரில் வந்தார்கள். வந்தவர்களுக்குத் தலைமைக்காரியே கையால் பரிமாறுவதுதான் தோட்டத்து மரியாதை. அக்கா என்னை அவர்களோடு உட்காரவைத்துவிட்டு, வடைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். பேச்செல்லாம் என்னோடுதான். "இவர்தான் எங்கள் தலைவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெண் அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஆமாம், இவ்வளவு ருசியாகச் சமைப்பவர்தானே தலைவர்!" என்றார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டார்.

கடிதம் வந்தது. வேன் உண்டு, ஆனால் படித்தவளான நான் பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். இருபது வருடம் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தவரை நம்பாதவர்கள், இந்த மண்ணில் பிறக்காத என்னை நம்புகிறார்கள்.

"நான் போட மாட்டேன்க்கா" என்றேன்.

"பைத்தியமாடி ஒனக்கு? புள்ளைங்க அடைஞ்சு கெடக்குதுங்க. சைன் பண்ணுலா" என்று இந்த ஊர் 'லா'வோடு அதட்டினார். போட்டேன்.

வேன்தான் கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று ஊரிலிருக்கும் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

வேன் வந்த அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. எல்லாரையும் ஏற்றி உட்காரவைத்துவிட்டு அக்கா என்னிடம் வந்தார்.

"போலாமா, மேடம்?"

கேலியாக இருந்துவிடக் கூடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் அனுமதிக்காகக் காத்து நின்றார்.