அண்ணன் முறை

"தம்பி, நீங்க என்ன குடி?"

மாமி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி இதைக் கேட்டது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோப்பையை அவன் பிடித்துவிட்டான், மாமி இன்னும் விடவில்லை. அவன் ஒரு குடியின் பெயரைச் சொன்னான். அது மாமியின் குடி. உடனே கோப்பை கை மாறியது. மாமியின் முகமெல்லாம் சிரிப்பு. "அட, அப்ப நம்மட பிள்ளைக்கு நீங்க அண்ணன் முறை!" என்றார். அந்தக் குடியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவனுக்கும் அந்தக் குடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாமி என்றால் என் அம்மாவின் தம்பி மனைவி. மண்டூரில் இருக்கிறார். மாமா கட்டாரில் வேலை. அவர்களின் ஒரே மகள், என் மச்சாள், பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். நான் அந்தக் கம்பஸுக்குக் கிட்ட ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். ஆகவே பெண்பிள்ளைகள் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குவது என்று முடிவானது. மச்சாளின் பெட்டி, பாய், சட்டிபானை எல்லாவற்றையும் பஸ் நிலையத்திலிருந்து ஏற்றி வந்த ஓட்டோக்காரன்தான் அவன். பெட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்தான். நல்ல மரியாதையான பேச்சு. தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாமிக்கு மனம் வரவில்லை.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் குடி என்றால் வம்சம், தாய் வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்த பெடியனும் பெட்டையும் சகோதரங்கள். முன்பின் கண்டிராவிட்டாலும் சகோதரங்கள்தான். கலியாணம் என்ற பேச்சே அங்கே எழாது. அதனால் அவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமும் எழாது. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகலாம். மாமி திறந்து வைத்துவிட்டு மண்டூருக்குப் போனார்.

போகும்போது எனக்குத்தான் எச்சரிக்கை சொன்னார். நான் வேறு குடி. கணக்குப்படி மச்சாளின் அண்ணன் எனக்கு மச்சான் முறை. "நீ அந்தப் பெடியன்ட ஓட்டோவில தனிய ஏறாத புள்ள, சனம் கதைக்கும். இவள் போனாப் பரவாயில்ல." மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டியா கா, நான் ராசாத்தி மாதிரி ஓட்டோவில போறன். நீ பஸ்ஸில தொங்கிக்கொண்டு வா. இல்லாட்டி மச்சானக் கலியாணம் கட்டிப்போட்டு ஏறு" என்றாள். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போனேன். ஏறக் கூடாதென்று சொல்லப்பட்ட எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏறலாம் என்று சொல்லப்பட்டவளுக்குத்தான் நடந்தது.

நல்ல வெயில் நேரம். வகுப்பு முடிந்து மச்சாள் வழமைபோல அவன் ஓட்டோவில் ஏறியிருக்கிறாள். சந்தியில் நேரே வரவேண்டியவன் வாவிப் பக்கம் போகும் கிறவல் மண் றோட்டில் ஓட்டோவைத் திருப்பினான். "என்ன அண்ணன், இந்தப் பக்கம் கிறுகிறீங்க?" என்று கேட்டாள். ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்றான். வீடுகள் முடிந்து வயல் தொடங்கியது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். "அண்ணன், நிப்பாட்டுங்க அண்ணன்" என்று அவள் அழத் தொடங்கினாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆருடி உனக்கு அண்ணன்?" என்றான்.

ஒரு மதகில் எருமைகள் குறுக்கே நின்றதால் ஓட்டோ மெதுவானது. அவன் கையைப் பின்னால் நீட்டி அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிக்கொண்டு குதித்தாள். விழுந்ததில் கை முறிந்தது. முறிந்த கையோடு, வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஓடினாள்.

அடுத்து நடந்ததுதான் என்னால் இன்னும் நம்ப முடியாதது. அவன் தப்பி ஓடவில்லை. ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்தான். "என்ட தங்கச்சிதான். வீட்டில சண்டை, கோவிச்சிக்கொண்டு குதிக்கிறாள்" என்று அமைதியாகச் சொன்னான். இவளோ பயத்தில் வாய் பழகிய பழக்கத்தில் "அண்ணன், விடுங்க அண்ணன்" என்றுதான் கத்திக்கொண்டு நின்றாள். வயல்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அதில் ஒருவர், "அண்ணனோட கோவிச்சு ஓட்டோவிலிருந்து குதிக்கிறதா? ஏறு புள்ள, வீட்டுக்குப் போ" என்று அவளைத் திருப்பி அனுப்பவே பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. "இவன் என்ட அண்ணன் இல்ல! இவன்ட பேர் கூட எனக்குத் தெரியா! கேளுங்க, என்ட பேர் என்னெண்டு இவனிட்டக் கேளுங்க!" என்று கத்தினாள். கேட்டார்கள். அவனுக்கும் தெரியவில்லை. இத்தனை நாளும் 'தங்கச்சி' என்றே கூப்பிட்டுப் பழகியவன். மருந்துத் தாங்கியை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் அவனை நோக்கி நடந்தார்கள். அவன் ஓட்டோவுக்கு ஓடினான். ஒருவர் போனில் ஓட்டோவின் பின்பக்கத்தைப் படம் பிடித்தார். அந்தப் படத்தில் இருந்த இலக்கத்தை வைத்துத்தான் பிறகு அவனைப் பிடித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வளர்ந்த பிள்ளையை ஒருவனிடம் ஒப்படைத்தோம். அவன் பெயரைக் கேட்கவில்லை. ஊர் விசாரிக்கவில்லை. ஓட்டோ இலக்கத்தை ஒருவரும் பார்த்து வைக்கவில்லை. அவன் குடி மட்டும் எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மாமி முதலில் நம்பவில்லை. "நம்மட குடியில பிறந்தவன் அப்பிடிச் செய்வானா? நீ பிழையா விளங்கியிருப்பாய்" என்று கட்டுப்போட்ட கையோடு கிடந்த மகளிடமே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த நேரம் பார்க்க வந்திருந்த, நாங்கள் தங்கிய வீட்டின் பக்கத்து அறைப் பிள்ளை, "அந்த ஓட்டோ அண்ணனா? அவர் எங்கட குடியெல்லோ மாமி? எங்கட அம்மாட்டயும் சொன்னவர்" என்றாள். அவள் வேறு ஊர், வேறு குடி. மாமி கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சாள் மெதுவாகச் சொன்னாள்: முதல் நாள் சாமான் ஏற்றி வரும்போதே அவன், "ஊர்க் கோவிலில உங்கட ஆக்கள்ற திருவிழா எத்தினையாம் நாள்?" என்று கதையோடு கதையாகக் கேட்டானாம், இவளும் சொன்னாளாம். எங்கள் கோவிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா. நாளைச் சொன்னால் குடியைச் சொன்ன மாதிரித்தான். மாமி கேட்டபோது அவன் திருப்பிச் சொன்னது எங்கள் வாயிலிருந்து எடுத்ததை.

அன்றைக்கே மாமா கட்டாரிலிருந்து போன் எடுத்தார். படித்தது போதும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பொலிசுக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார். மாமி கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மச்சாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கம்பஸ் இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. அவன் பிணையில் வெளியே நிற்கிறான். அந்தப் பக்கத்து ஓட்டோக்காரர்கள் சிலர் இன்றைக்கும் அவனை நல்ல பெடியன் என்கிறார்கள். புதிதாக அறை எடுக்க வருகிற தாய்மார் இன்றைக்கும் ஓட்டோக்காரனிடம் குடி கேட்கிறார்கள், என் காதாலேயே கேட்டேன். மச்சாள் இப்போது கடைசி வருடம். ஏறுமுன் இலக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாள். படம் எடுக்க முகம் சுளிக்கிறவனின் ஓட்டோவில் ஏறமாட்டாள். அண்ணன் என்று யாரையும் கூப்பிடுவதில்லை.

அவள் இன்று கம்பஸில் இருப்பது மாமியால். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மாமி எங்களை நேரே பொலிசுக்குக் கூட்டிப்போனார். முறைப்பாடு எழுதிய பெண் பொலிஸ், "அந்த ஓட்டோக்காரர் உங்களுக்கு என்ன முறை, அம்மா?" என்று கேட்டார்.

"ஆரெண்டே தெரியா" என்றார் மாமி. பிறகு மச்சாளைக் காட்டி, "இவளுக்கு இடக் கைதான் முறிஞ்சது. எழுதிற கை நல்லா இரிக்கு. கெதியா முடிச்சு விடுங்க, நாளைக்கு இவளுக்குக் கம்பஸில சோதினை" என்றார்.