பொதுவாசிப்பும் மூடிய ஜன்னலும்

பத்திரிகையை உரத்து வாசிக்கிறவனுக்குத் தொண்டை கட்டலாம், கோபம் மட்டும் வரப்படாது. கொமிட்டிக்குக் கீழே வேலை செய்து நொந்தவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

கொழும்பு கொட்டாஞ்சேனை வாசிகசாலையில் நான் சம்பளத்துக்குப் பத்திரிகை வாசிக்கிறவன்; பின்னேரங்களில் ஜன்னலோரம் நின்று வாசிப்பேன். உள்ளே வாங்குகளில் குந்தியிருந்து கேட்கும் கிளாக்கர்மார்; வெளியே ஒழுங்கையில் எழுத்துத் தெரியாத துறைமுகத் தொழிலாளர்.

முதல் பக்கம்

இலங்கைக்குப் புது அரசியல் சட்டம் வந்து ஒரு வருஷமாம். அதைப் பொதுமக்களுக்கு வாசித்துக் கொண்டாட வாசிகசாலைக் கொமிட்டி தீர்மானித்தது. இங்கிலீஷில் இருந்ததை இரண்டு கிழமை மாய்ந்து மாய்ந்து தமிழாக்கினேன். கொமிட்டித் தலைவர் கோட்டில் வழக்குப் பேசும் புரொக்டர். இங்கிலாந்து மன்னர் பெயர் வரும் முதல் பக்கத்தை மட்டும் தட்டிக் காட்டி, கட்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

"சனத்துக்கு இவ்வளவு சட்டம் என்னத்துக்கு, தம்பி? இதை மட்டும் வாசியும், பிறகு நான் பேசுறன்."

மாடசாமி கேட்டது

ஜிந்துப்பிட்டி மாடசாமி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், பிறந்ததே இங்கேதான். ஆனாலும் வோட்டு லிஸ்டில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள், இந்தியாக்காரனாம்! புதுச் சட்டத்தில் தங்களைப் போன்ற சனத்தைப் பற்றி ஏதும் உண்டா என்று ஜன்னலடியில் கேட்டார். ஒரு சமூகத்துக்கு மட்டும் இடைஞ்சல் செய்யும் சட்டம் இயற்றக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது என்றேன். மனுசன் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதக் கூட்டத்துல சத்தமா வாசிங்கய்யா. லிஸ்ட் எழுதுற பெரிய கிளாக்கரும் வர்றாராம், அவரு காதுல விழட்டும்."

கூட்டம்

அன்றைக்குக் கொடியும் மாலையும் சோடாவுமாக ஒரே அமர்க்களம். தெருச் சத்தம் பெரிய மனுசருக்கு இடைஞ்சல் என்று தலைவர் ஜன்னலை மூடச் சொன்னார். பொதுவாசிப்பாம், பொதுசனம் வெளியிலாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பக்கத்தை நான் வாசித்து முடித்து, தலைவர் பேச எழும்ப, நான் போய் ஜன்னலை அகலத் திறந்து அந்தப் பிரிவைக் கத்தி வாசித்தேன். ஒழுங்கையில் நின்ற சனம் ஜன்னலடிக்கு நெருங்கி வந்தது. "இன்னொருக்கா, ஐயா!" என்று குரல் வர, திரும்பவும் வாசித்தேன். தலைவர் வந்து கடதாசியைப் பறித்தார்.

கூட்டம் கலையும்போது மாடசாமி பெரிய கிளாக்கரை வாசலில் மறித்தார். "கேட்டீங்களாய்யா? எம் பேரத் திரும்ப எழுதுவீங்களா?" என்றார். கிளாக்கர் சிரித்த முகத்தோடு அவர் தோளில் தட்டினார்.

"ஓம், கேட்டனான், நல்லா வாசிச்சார். நீர் எப்ப இந்தியாவுக்குப் போறீர்?"

அடுத்த நாள் எனக்கு வேலை போனது, பொதுவாசிப்பில் பொதுசனத்துக்கு வாசித்த குற்றத்துக்காக.