திராட்சையை மிதித்த கால்கள்

அன்று தோட்டத்து வீட்டில் இருந்தவர்கள்: பண்ணையார், அவருடைய மைத்துனர், மதுரையிலிருந்து காரில் வந்த இரண்டு வக்கீல்கள், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பெரிய மனிதர், சுவரோரமாகக் கையில் ஆங்கிலப் புத்தகத்தோடு நான். இல்லாதவர்கள்: என் அப்பா, என் சின்னையா, என் அக்கா. மேசைமேல் இருந்த சிவப்பு ஒயினை மிதித்துப் பிழிந்தவை அந்த மூவரின் கால்கள்தான். ஆனால் அந்த வாசலுக்குள் வர அவர்களுக்கு அனுமதி இல்லை. கணக்குப்பிள்ளையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பண்ணையார் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்கு அவர் ஒருவர்தான் சாட்சி. அன்றைக்குப் பார்த்து அவருக்குக் கொட்டாம்பட்டியில் அவசர வேலை வந்துவிட்டது.

வாக்கு இதுதான். மேலூருக்கு வடக்கே பாறையும் சரளையுமாகக் கிடந்த இரண்டு ஏக்கரை எங்கள் குடும்பம் திருத்தித் திராட்சைத் தோட்டமாக்கித் தர வேண்டும். அதுவரை கூலி பாதிதான். முதல் காய்ப்பு முடிந்ததும் அந்த இரண்டு ஏக்கரை அப்பா பெயருக்குக் குத்தகைச் சீட்டு எழுதித் தருவார். எங்கள் தெருவில் யார் பெயரிலும் ஒரு துண்டு நிலத்துக்குச் சீட்டு இருந்ததில்லை. ஊரார் வயலில் குனிவதற்கென்றே எங்களை வைத்திருந்தார்கள்.

அப்பா பாறையை உடைத்தார். சின்னையா குழி தோண்டினார். கல்தூண்களை நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டார்கள். கிணறும் அவர்கள் வெட்டியதுதான். தண்ணீர் ஊறிய அன்று அதற்குப் பூசை நடந்தது. அன்றிலிருந்து அதில் எங்கள் வாளி இறங்கக் கூடாது. வேறு ஆள் இறைத்து வாய்க்காலில் விடுவான். ஓடி வருகிற தண்ணீரை நாங்கள் கொடிக்குத் திருப்ப வேண்டும். வெட்டும்போது கிணற்றுக்குள் இறங்கிய கால், தண்ணீர் வந்ததும் எப்படித் தீட்டாகிப் போனது என்று இன்று வரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துத் தேறி, கல்லூரியிலும் சேர்ந்திருந்தேன். கரோன் ஆற்றங்கரையில் போர்தோ நகரம், அதன் முக்கிய ஏற்றுமதி சிவப்பு ஒயின் என்று பூகோளப் பாடத்தில் உருப்போட்டவன். எங்கள் தெருப் பெண்கள் குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எந்தப் பரீட்சையிலும் என்னைக் கேட்கவில்லை.

பண்ணையாருக்கு ஒயின் மோகம் பிடித்தது ஒரு துரை வீட்டு விருந்தில். அங்கே குடித்தது போலவே சொந்தத் தோட்டத்தில் செய்து, சொந்த மேசையில் ஊற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெரிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வரவழைத்தார். அவருடைய ஆங்கிலம் கையெழுத்தோடு சரி. அதனால் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆள் அனுப்புவார். நான் முற்றத்தில் நின்று வாசிப்பேன். அவர் ஊஞ்சலில் இருந்து கேட்பார்.

"போர்தோவில் கேபர்னே சோவினியோன்தான் பெரியது. மணி சின்னது, தோல் தடிப்பு. அதோடு மெர்லோவும் மால்பெக்கும் கலப்பார்கள்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "பர்கண்டியில் பினோ நுவார் ஒன்றேதான், அதற்குக் குளிர் வேண்டும். ரோன் ஆற்றுப் பக்கம் சிரா. அங்கே வெயில் அதிகம், நிலம் கல்லுச் சரிவு."

"கல்லும் வெயிலும்னா நம்ம மேலூருதாண்டா!" என்று பண்ணையார் தொடையில் தட்டினார்.

"அங்கே குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்து ஓய்வெடுக்குமாம், ஐயா. இங்கே அதற்கு வழியில்லை."

"ஐயாவா?" என்று மைத்துனர் குறுக்கே வந்தார். "ஒங்கப்பன் சாமிங்கிறான். நீ நாலெழுத்து படிச்சதும் சாமி ஐயாவாயிட்டாகளோ?"

பிரான்சிலிருந்து கப்பலில் வந்த குச்சிகளில் பாதிக்கு மேல் காய்ந்தே வந்தன. பிழைத்தவை தழைத்தன, படர்ந்தன, ஒரு குலைகூடத் தள்ளவில்லை. "ஒங்கையி ராசி அப்பிடி" என்று அப்பாவுக்குத் திட்டு. கடைசியில் திண்டுக்கல் பக்கம் ஒரு பாதிரியார் தோட்டத்திலிருந்து கறுப்புத் திராட்சைக் குச்சி வாங்கி நட்டார்கள். நாம் பன்னீர் திராட்சை என்கிறோமே, அதுதான். அதுதான் காய்த்தது. பண்ணையார் அதற்குப் போர்தோ என்று பெயர் வைத்தார். போர்தோவில் இந்த ஜாதியே இல்லை என்று சொன்னேன்.

"எந்தோட்டத்துல வெளஞ்சா நான் வச்சதுதாண்டா பேரு" என்றார்.

பிழிகிற பக்கம் வந்தபோது, அந்த நாடுகளில் ஆட்கள் வெறுங்காலோடு தொட்டியில் இறங்கி மிதிப்பார்கள் என்று வாசித்தேன். கை ஆலையோ எந்திரமோ கொட்டையையும் நசுக்கிக் கசப்பாக்கிவிடும் என்று இருந்தது. பண்ணையாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் தொட்டியில் இறங்கச் சம்மதிக்கவில்லை. அது கூலிக்காரன் வேலை என்றார்கள். அதனால் எங்களைக் கூப்பிட்டார். பெரிய கல்தொட்டியைக் கழுவி வைத்திருந்தார்கள். அவர் வீட்டு அண்டாவில் வெந்நீர் வைத்து, தூர நின்று எங்கள் ஆட்களின் கால்களில் ஊற்றினார்கள். பண்ணையார் குடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "நல்லா மிதிங்கடா, கொட்ட ஒடையாம மிதிங்கடா" என்று அவரே சொன்னார். இதைக் காதால் கேட்டவன் நான்.

அவர் எழுந்து வீட்டுப் பக்கம் போனதும் சின்னையா ஆரம்பித்தார்: "ஏண்ணே, நம்ம காலு கெணத்துல பட்டாத் தீட்டு. திராட்சையில பட்டா மட்டும் பிரான்சா?"

"பேசாம மிதிடா" என்றார் அப்பா.

"இல்ல சின்னையா" என்று அக்கா முழங்காலளவு சாற்றில் நின்றுகொண்டு சிரித்தாள். "இதக் குடிச்ச பொறவு ரோட்டுல அவுகளப் பாத்து நாம ஒதுங்கணுமா, நம்மளப் பாத்து அவுக ஒதுங்கணுமா?"

"சீட்டு கைக்கு வரட்டும் ஆத்தா. அப்பறம் எம்புட்டு வேணாலும் சிரி" என்றார் அப்பா.

சாறு வெளுப்பாகத்தான் இருந்தது. தோலோடு சேர்த்து ஜாடிகளில் ஊறவிட்டபோதுதான் சிவந்தது. நம் ஊர் வெக்கையில் அது கொதிக்கிற மாதிரி பொங்கி, வாயில் கட்டிய துணியையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஒருவழியாக அடங்கித் தெளிந்ததும் பண்ணையார் விருந்துக்குச் சொல்லி அனுப்பினார். விருந்து முடிந்த கையோடு சீட்டில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. அப்பா என்னிடம் சொல்லி அனுப்பினார்: "புத்தகத்துல இருக்கத மட்டும் படி. கையெழுத்து விழுகுற வரைக்கும் வேற ஒத்த வார்த்த பேசாத."

முதல் வக்கீல் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, உறிஞ்சி, கண்ணை மூடினார். "எக்ஸலண்ட்! அசல் பர்கண்டி சார் இது." பன்னீர் மணம் மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. பினோ நுவாருக்கு அந்த மணம் கிடையாது என்று என் கையில் இருந்த புத்தகத்தில் இருந்தது. கோயில் பெரிய மனிதர் இரண்டாம் தம்ளருக்குக் கை நீட்டினார்.

இரண்டாவது வக்கீலை எனக்கு முன்பே தெரியும். எங்களுக்குக் கோயிலைத் திறந்துவிட வேண்டும் என்று மதுரையில் மேடையேறிப் பேசியவர். கூட்டத்தில் நின்று கை வலிக்கத் தட்டியவன் நான். அவர் கேட்டார்: "மெஷின் போட்டுப் பிழிஞ்சீங்களா?"

"மெஷினா? பிரான்ஸ் முறை சார், கால்தான்" என்று பண்ணையார் நெஞ்சை நிமிர்த்தினார். "ஏப்பா, அந்தப் பக்கத்தப் படி."

படித்தேன். வக்கீல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "இங்கிலீஷ் நன்னா வாசிக்கறீரே. இங்க மிதிச்சது யாரு தம்பி?"

"நம்ம ஆளுகதான் சார், நம்ம ஆளுகதான்" என்றார் பண்ணையார் அவசரமாக.

"நம்ம ஆளுகன்னா?" அவர் கண் என் மேலேயே இருந்தது.

மற்றவர் கேட்டிருந்தால் அப்பா சொன்னபடி வாயை மூடியிருப்பேன். இவர் நமக்காகப் பேசியவர், இவரிடம் சொல்வதற்கென்ன என்று நினைத்தேன். "எங்கப்பா, எங்க சின்னையா, எங்க அக்கா" என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார். எங்கள் தெருவைச் சொன்னேன்.

தம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். வெளியே போய், அப்பா நட்ட கல்தூணைப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுத்தார். மேடையில் பேசிய அதே வாய். கோயில் பெரிய மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார். எங்கள் அப்பா வெட்டிய கிணறு அது. அதில் குளித்தால் சுத்தமாகிவிடுமாம்!

பண்ணையார் என்ன செய்தார் தெரியுமா? "ஐயய்யோ, எனக்குத் தெரியாதே! இந்தப் பயலுக என்னய ஏமாத்திட்டானுகளே!" என்று கத்தினார். குடை பிடித்து உட்கார்ந்து, கொட்டை உடையாமல் மிதிக்கச் சொன்ன மனிதர். நான் அதைச் சொன்னேன். மைத்துனர் என் கன்னத்தில் அறைந்தார். புத்தகம் கீழே விழுந்தது.

மறுநாள் பஞ்சாயத்து. எங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். கொட்டாம்பட்டியிலிருந்து திரும்பிவிட்ட கணக்குப்பிள்ளையிடம் அப்பா கைகூப்பி, சீட்டு விஷயத்தைச் சொல்லும்படி கெஞ்சினார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்பிடி ஒரு பேச்சு நடந்ததா எனக்கு ஞாபகமில்லியே" என்றார். திருட்டுத்தனமாகத் தொட்டியில் இறங்கிப் பெரிய மனிதர்களைத் தீட்டுப்படுத்தியதாக எங்கள் மேல் தீர்ப்பானது. சின்னையா வாயைத் திறக்கப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். எங்கள் தெருவுக்கு ஓலைக் கூரைகள். அங்கே நின்றவர்கள் கையில் தீப்பெட்டி இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது இவ்வளவுதான்: "சீட்டு வந்த பெறகு சொல்லியிருக்கலாம்லடா."

"கேட்டாக, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீகளா?"

"ஒன்னயப் பொய் சொல்லவா சொன்னேன்? நாளைக்குச் சொல்லுன்னுதான் சொல்றேன்."

என் கோபம் அவர் மேல் இல்லை, என் மேலும் இல்லை. வாந்தி எடுத்துவிட்டு அடுத்த மாதமே மறுபடி மேடையேறியவர் மேல். துடைத்துத் துடைத்து ஞாபகத்தையும் துடைத்துக்கொண்டவர் மேல். அந்த இரண்டு ஏக்கரும் காய்க்கிற கொடிகளோடு மைத்துனர் பெயருக்குப் போனது. பழத்தை இப்போது கூடை கூடையாக மதுரைக்கு ஏற்றுகிறார். பறிப்பது எங்கள் தெரு ஆட்கள்தான்.

அபராதம், உடைத்துப் போட்ட ஜாடிகளின் விலை, கிணற்றை இறைத்துக் கழுவிய கூலி, கலசம் வைத்த ஐயருக்குத் தட்சணை, வக்கீல்கள் வந்துபோன காருக்குப் பெட்ரோல், எல்லாம் எங்கள் தலையில். பசுவும் கன்றும் போயின. அக்காவின் தோடு போயிற்று. கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்த பணமும் போய், அந்த வருஷம் நான் செல்லூரில் ஒரு தறிப் பட்டறையில் கணக்கெழுதப் போனேன். மூன்று வருஷம் அவர்கள் பிடித்து வைத்துக்கொண்ட பாதிக் கூலியை இதில் சேர்க்கவில்லை. பஞ்சாயத்தில் அப்பா கையால் எண்ணி வைத்தது மட்டும் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆறணா.