குறையில்லாதவர் பட்டியல்

வீட்டில் அவளுக்கு ஊமச்சி என்று பெயர். பேச்சு வராதவள் இல்லை. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வாள். மிச்ச மூன்றையும் அவளுக்காக அக்காதான் பேசுவாள்.

"நான் போயிட்டா உனக்காக யாருடி பேசுவா?" என்று அக்கா கேலி செய்வாள்.

"நீ எங்க போகப்போற? எமன் வந்தாலும் பேசியே விரட்டிடுவ."

அப்படிப்பட்ட அக்கா மூன்றே நாளில் போய்விட்டாள்.

ரத்தக் கொதிப்புக்காகப் பக்கத்துத் தெரு மருத்துவ நிலையத்தில் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. 'இன்றைய கவனிப்பு எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை அனுப்புங்கள். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுங்கள். உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்.'

மறுநாள் அக்காவின் உதடு தடித்தது. உடனே எழுதி அனுப்பினாள். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: 'உங்கள் கருத்துக்கு நன்றி.'

"பாருடி, எவ்வளவு மரியாதையா பேசுறாங்க!" என்று மகிழ்ந்துபோனாள், பாவி மகள்.

மாலையில் இன்னொரு முறை எழுதினாள். அதே நன்றி. மூன்றாம் நாள் காலையில் நாக்கும் தடித்துவிட்டது. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் நன்றி.

"நேர்ல போயிட்டு வந்துடவா?" என்று குழறலாகக் கேட்டாள் அக்கா.

"மூணு தடவ மெசேஜ் போட்டிருக்கல்ல? கூப்பிடுவாங்க. இரு" என்றாள் ஊமச்சி.

இரு! வாழ்நாளெல்லாம் வார்த்தையைச் சேமித்து வைத்தவள், அந்த ஒன்றைச் சேமித்திருக்கக் கூடாதா? அன்று மதியம் அக்காவின் தொண்டை அடைத்துக்கொண்டது. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்தது. தாயின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த நாலு வயதுப் பெண்ணை மாமா தூக்கிக்கொண்டு போனார். ஊமச்சி அழவில்லை. அக்காவின் போனை எடுத்து அந்த மூன்று செய்திகளையும் படித்தாள். இதை வாங்கிப் போட்டவன் எவனோ, அவன் தன் வாயாலேயே இதை என் முன்னால் படிக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிந்துகொண்டாள்.

எட்டு மாதம் கழித்து அதே மருத்துவ நிலையத்தில் செய்தி அனுப்பும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். அதற்குள் கணினி கற்றிருந்தாள் ஊமச்சி. அக்காவை எப்போதும் மாமாதான் அழைத்துப் போவார் என்பதால் இவள் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. வேலை கிடைத்தது.

மேலாளருக்கு அங்கே 'சதவீதம்' என்று பட்டப்பெயர். "டீ எப்படி சார்?" என்று கேட்டால்கூட, "தொண்ணூறு சதவீதம் நல்லாருக்கு" என்பாராம். முதல் நாளே அவர் அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்.

"நம்பர் அனுப்பினவங்களுக்கு அந்த நம்பர். அனுப்பாதவங்களுக்கு நாலு போட்டுடும்மா."

"ஏன் சார்?"

"குறை இருந்தா மனுஷன் சும்மா இருப்பானா? பேசலன்னா திருப்தின்னு அர்த்தம்."

"எழுதி அனுப்பியிருந்தா?"

"எழுத்தெல்லாம் தனிப்பெட்டிக்குப் போயிடும். நம்பர் இல்லன்னா பதில் இல்லாத மாதிரிதான். நாலு."

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஆயிரத்து நூற்று இருபது செய்திகள். ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. காய்ச்சல், தலைசுற்றல், மருந்து மாறிவிட்டதோ என்ற சந்தேகம், எல்லாம் அடுக்கடுக்காகக் கிடந்தன. நடுவில் அக்கா. மூன்று முறை கூவியும் ஓர் எண்ணைப் போட மறந்தவள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே நாலு என்று இருந்தது. செத்தவள் திருப்தியானவளாக இருந்தாள்.

அன்றே கத்தினால் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு மூடிவிடுவார்கள். பெட்டியில் உள்ளவர்களைத் தானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நர்ஸம்மாவிடம் அனுப்பிக்கொண்டே காத்திருந்தாள். அக்காவின் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டாள்.

நோயாளிகளும் வீட்டாரும் கூடும் ஆண்டுக் கூட்டம் வந்தது. நோயாளிகள் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சதவீதம் புதுச் சட்டையில் ஜொலித்தார்.

"தொண்ணூற்றாறு சதவீதம் பேர் திருப்தி மேடம்!"

"என் வகுப்புல ஒரு வருஷம்கூட அவ்வளவு பேர் பாஸானதில்ல. யாரையாவது கூப்பிடுங்களேன், கேப்போம்."

சதவீதம் ஊமச்சியின் காதருகே குனிந்தார். "நல்லா பேசற ஒருத்தர் நம்பரா போடும்மா."

"நல்லாவே பேசுவாங்க சார்" என்று எண்ணை அழுத்தினாள்.

எங்கிருந்தோ ஒரு குழந்தையின் சிரிப்பொலி கேட்டது. தன் மகள் சிரித்ததைத்தான் அழைப்பு மணியாக வைத்திருந்தாள் அக்கா. ஊமச்சியின் கைப்பையிலிருந்து அது சிரித்தது. கூடமே திரும்பிப் பார்த்தது.

போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க அக்கா போன். அவ செத்து ஒன்றரை வருஷம் ஆகுது. உங்க பட்டியல்ல மட்டும் இன்னும் திருப்தியா இருக்கா."

"இது... மெஷின்ல ஏதோ தப்பு மேடம்..." என்றார் சதவீதம்.

"மெஷின் இல்ல சார். நாலு போடுன்னு சொன்ன வாய் உங்களுது."

பெட்டியைத் திரையில் திறந்து காட்டினாள். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து தங்கள் செய்திகளைத் தேட ஆரம்பித்தார்கள். "இது எங்க அப்பா எழுதினது!" என்று ஒருவர் அலறினார்.

ஒரு வாரத்தில் மேலாளர் நாற்காலி பறிபோனது. விசாரணை முடியும்வரை அவர் என்ன வேலை செய்யலாம் என்று நிர்வாகத்தின் சார்பில் தலைவி கேட்டபோது, ஊமச்சி ஒன்றே ஒன்று கேட்டாள். அது கிடைத்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அவளுக்கு எதிரே குட்டை ஸ்டூலில் சதவீதம் உட்கார்ந்தார். அவள் முதல் நாள் பெட்டியில் பார்த்த ஆயிரத்து நூற்று இருபது செய்திகளையும் அவர் உரக்கப் படிக்க வேண்டும். அவள் பதிவேட்டில் எழுதிக்கொள்வாள். இருநூறைத் தாண்டியதும் அவர் குரல் கம்மியது.

"கொஞ்சம் தண்ணி..."

"படிங்க சார். எங்க அக்காவுக்கும் தொண்டை அடைச்சுதான் இருந்துச்சு."

அவர் படித்தார். முன்னூற்றுப் பதினாலாவது வந்தது.

"மாத்திரை... போட்டதுலேருந்து உதடு தடிக்குது. நிறுத்தவா, தொடரவா?"

அடுத்ததும் அதே எண்ணிலிருந்து. "இன்னும் வீங்குது. யாராவது சொல்லுங்களேன்."

மூன்றாவதையும் படித்தார். "பேச முடியல. பயமா இருக்கு. தங்கச்சி நீங்க கூப்பிடுவீங்கன்னு சொல்றா."

பதினெட்டு மாதமாக வராத கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு வந்தது. துடைக்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதவீதம் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து கைகூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. நானும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தான்."

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றாள் ஊமச்சி. "உக்காருங்க. இன்னும் எண்ணூத்தி நாலு இருக்கு."